ஒன்பதாம் போஸ்ட்டில் நாளைய கரண்டு

வெள்ளமணல்விளையில் சர்ச்சுக்கு எதிரே நிற்கும் ஒன்பதாம் போஸ்ட்டில், ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டிய சென்சார், மறுநாள் ஓடப்போகும் கரண்டை முந்தின நாளே அளந்து சொல்ல ஆரம்பித்தது. ஊர் இதைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகு பழகிக்கொள்ள மூன்று நாள்கூட ஆகவில்லை, ஏனென்றால் ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் உப்பளத்தையும் வைத்துக்கொண்டு, எப்போது மழை பெய்து பாத்தியைக் கரைக்குமோ என்று வானத்தையே பார்த்து வாழ்கிற ஊர் அது. நாளையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுமே தவிர, நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கம் அதற்குக் கிடையாது.

சென்சார் என்பது தேங்காய் மூடி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் வாயைத் திறந்து மின்கம்பியைக் கவ்வவிட்டு மூடினால் கம்பி நடு ஓட்டை வழியாகப் போகும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து போனில் ஒரு கோடாக ஏற்றி இறக்கிக் காட்டும். வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் அது சரியாக அளக்கிறதா என்று தொண்ணூறு நாள் பார்த்து எழுதிக்கொடுக்கும் வேலை, கோட்ட அலுவலகத்துச் சோதனைப் பிரிவில் இருக்கும் ராஜகனிக்கு வந்தது. ஊர்க்காரி என்பதால் மட்டுமல்ல. ராஜகனி ஒரு முறை அளந்ததை நம்பமாட்டாள், இரண்டாம் முறை அளந்து இரண்டும் ஒத்துப்போனால் அதனாலேயே சந்தேகப்பட்டு மூன்றாம் முறை அளப்பாள், இட்லிக்கு உளுந்து போடும்போதும் படியின் விளிம்பைக் கட்டைவிரலால் வழித்து மட்டம் பார்ப்பாள் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

இப்பேர்ப்பட்டவளைக் கோயில்பிச்சைக்குக் கட்டிவைத்திருந்தார்கள். அவர் அந்த ஊர் லயன்மேன். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா எண்ணும் சுமார்தான். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனால் குழம்பு ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறும். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டால் "சுமாரா ஒரு எட்டு இருக்கும்" என்பார், பக்கத்தில் நிற்கும் ராஜகனி பல்லைக் கடித்துக்கொண்டு "ஒம்பது வருஷம் நாலு மாசம்" என்பாள். அவரைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாள் போனதில்லை. அவர் லயனில் இருந்து இறங்கி வீட்டுக்கு வருகிற வரைக்கும் ஒரு வாய் சோறு அவளுக்கு இறங்கினதும் இல்லை.

சோதனை என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஏணியில் ஏறி, அலுவலகத்து டாங் டெஸ்டரை அதே கம்பியில் கவ்வவிட்டு, அது காட்டுகிற ஆம்பியரையும் சென்சார் காட்டுகிற ஆம்பியரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ராஜகனி எழுதினாள். டெஸ்டர் முப்பத்தொன்று என்றால் சென்சார் இருபத்திரண்டு என்றது, டெஸ்டர் இருபது என்றால் சென்சார் நாற்பது என்றது. சென்சார் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். உப்பு படிந்திருக்கும், துடையுங்கள் என்றார். துடைத்தாள். கழற்றி மாட்டுங்கள் என்றார். கழற்றி மாட்டினாள். சென்சார் மேல் பழி போடுமுன் தன் கையைச் சந்தேகப்படுகிறவள் ஆனதால், டாங் டெஸ்டரையே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள், அது ஒழுங்காக இருக்கவும் வேறொரு டெஸ்டரைக் கொண்டுவந்து அதையும் சோதித்தாள். பத்தொன்பது நாள் அவள் நோட்டில் ஒரு வரி கூட ஒத்துப்போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், சொர்ணத்தின் தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனவள் நோட்டை மேஜையில் விரித்துப்போட்டுவிட்டு நின்றாள். சொர்ணம் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஊருக்கெல்லாம் அவள்தான் டெய்லர். தோளில் டேப்பை வைத்துக்கொண்டே, பென்சிலைக் காதில் இருந்து எடுக்காமலே, இரண்டு பத்தியையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல அளவு ஒண்ணும் தப்பில்லயே கனி. இது வேற ஆளு அளவு" என்றாள். "பொன்னுத்தாய் அளவை வச்சு லில்லிக்கு வெட்டுனா கை ஏறாது. அதுக்காவ டேப்பு பொய் சொல்லுதுங்கியா? நீ திங்கக்கெழம சட்டையை ஞாயித்துக்கெழமைக்கு மாட்டிப் பாத்துட்டு இருக்க."

ராஜகனி ஒரு பத்தியை ஒரு நாள் கீழே இறக்கி வைத்துப் பார்த்தாள். நேற்று சென்சார் சொன்னதும் இன்று டெஸ்டர் சொன்னதும் புள்ளிக்குப் பிறகு வருகிற எண் வரைக்கும் ஒன்றாக இருந்தன. பத்தொன்பது நாளும் அப்படியே இருந்தது. மூன்று முறை சரிபார்த்துவிட்டு, சொர்ணம் வைத்த டீயைக் குடித்துவிட்டு, மறுநாள் அலுவலகத்துக்கு எழுதினாள்: சாதனம் துல்லியமாக உள்ளது, ஒரு நாள் முந்தி உள்ளது. கடிகாரத்தைச் சரியாக வைக்காதிருப்பார்கள், சோதனையைத் தொடரவும் என்று பதில் வந்தது.

ஊர் அதற்குப் பிறகு அலுவலகத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. டீக்கடை வேதமுத்து கடை வாசலில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, ராஜகனியின் போனைப் பார்த்து நாளைய கரண்டை மணிவாரியாக எழுதிப்போட்டான். நாளை மூன்று மணிக்குப் பூஜ்யம் என்றால் கரண்டு போகப்போகிறது, பெண்கள் இரண்டரைக்குள் மாவு ஆட்டி முடித்தார்கள். காலை நாலரைக்கே கோடு ஏறினால் யாரோ விருந்தாளி முதல் பஸ்ஸில் வருகிறார்கள், யார் வீட்டுக்கு என்று தெரியாததால் எல்லா வீட்டிலும் ஒரு கை அரிசி கூடப் போட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன தன் பெண்டாட்டியின் கிரைண்டர் ஏற்றத்தை ஒருத்தன் பலகையில் அடையாளம் கண்டு, மறுநாள் தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான்; அவள் வந்தாள், அவன் நின்றதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முறைத்துக்கொண்டாள், வீட்டுக்குப் போய்க் கிரைண்டரைப் போட்டாள். போதகர் ஞாயிறு பிரசங்கத்தில் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆரம்பித்து, எதிரே ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒன்பதாம் போஸ்ட்டைப் பார்த்துவிட்டு, வேறு வசனத்துக்குப் போய்விட்டார்.

மரியாதை தெரிந்த ஊர் அது. ஏழு மணிக்கு ஐம்பத்திரண்டு என்று பலகை சொல்லி, ஆறு ஐம்பதுக்கு டெஸ்டர் நாற்பத்தெட்டில் நின்றால், பாவம் அது சொல்லியிருக்கிறது என்று நாலு வீட்டில் தேவையில்லாத விளக்கைப் போட்டுவிடுவார்கள். இது ராஜகனிக்கு எரிச்சலாக இருந்தது. சோதனைக்கு உட்பட்ட சாதனத்துக்கு யாரும் உதவி செய்யக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வேதமுத்து ஒரு நாள் நேர் எதிராகச் செய்து பார்த்தான். ஐம்பத்திரண்டு சொன்ன ஒரு சாயங்காலம், பாதித் தெருவைக் கையைக் காலைப் பிடித்து எல்லாவற்றையும் அணைக்க வைத்தான். ஏழு மணிக்குச் சரியாகச் சர்ச்சில் மைக் செட்டுக்காரர்கள் புதுப் பெட்டிகளைப் போட்டுப் பார்த்தார்கள், ஐம்பத்திரண்டு வந்தது. சொன்ன அளவு வந்தே தீரும், யார் வழியாக வரும் என்பதை மட்டும் அது சொல்லாது என்று ஊர் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஐப்பசி பிறந்து, அறுபதாம் நாள் மத்தியானம் இரண்டு மணி தாண்டி ராஜகனி போனைத் திறந்தாள். மறுநாள் காலை ஒன்பதில் இருந்து இரண்டு வரை கோடு தரையோடு கிடந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். பதினோராம் போஸ்ட்டில் கம்பிகளைத் தாங்குகிற இரும்புக் கிராஸ் ஆர்ம் உப்புக்காற்றில் அரித்துப்போய்விட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டும், ட்ரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கி லயனைச் செத்துப்போக வைத்துவிட்டுக் கோயில்பிச்சை மேலே ஏற வேண்டும். ஆனால் அந்தத் தரைக்கு நடுவில், பதினொன்று இருபதுக்கு, கோடு எழுந்து நின்றது. ஒரு நிமிஷம் முப்பத்தொன்பது, பிறகு ஒரு நொடி அறுந்து, பிறகு ஐந்து நிமிஷம் நாற்பத்து மூன்றரை ஆம்பியர். அதன் பிறகு மறுபடி பூஜ்யம்.

செத்துக் கிடக்க வேண்டிய லயனில் ஆறு நிமிஷம் கரண்டு ஓடும், அந்த நேரம் அவள் புருஷன் அந்த லயனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். ராஜகனி அதை மூன்று முறை பார்க்கவில்லை. ஒரு முறை பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கோயில்பிச்சை சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலுக்கு வந்தாள். "நாளைக்கு ஏறாதீய" என்றாள்.

"ஏன், மழையா?"

போனைக் காட்டினாள். அவர் எட்டவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார். "மூணு பியூஸும் என் பையில கெடக்கும் கனி. எங்கிட்டிருந்து வரும் கரண்டு? பொட்டி பொய் சொல்லுது."

"அது பொய் சொல்லாதுன்னு நாந்தான் அறுவது நாளா எழுதி வச்சிருக்கேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கால் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஏறாட்டா அந்த ஹெல்ப்பர் பய முத்துவேலை ஏத்துவாவ. அவனுக்குக் கல்யாணமாயி மூணு மாசம். தள்ளிப் போடலாம்னா அந்த ஆர்மு இன்னொரு மழைக்குத் தாங்காது, கீழ பள்ளிக்கூடத்துப் பிள்ளைய போற பாதை. நீயே சொல்லு."

"எர்த் சங்கிலி போட்டுட்டு ஏறுவீயளா?"

"போடாம?"

"போன பங்குனியில லயன்ல சங்கிலியை மாட்டிட்டு, கீழ குச்சியை மண்ணுல அடிக்காம ஏறுனது யாரு?"

"சுமாரா அடிச்சிருந்தேன்" என்றார் அவர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அளவு தப்பாகிப் போக வேண்டும் என்று ராஜகனி ஆசைப்பட்டாள். அது தப்பாகாது என்பதற்கான சாட்சியும் அவள்தான், அவள் கையெழுத்தில் அறுபது நாளாக அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

பியூஸைப் பிடுங்கிய லயனுக்குள் கரண்டு வர ஒரே வழிதான் உண்டு, யாராவது ஜெனரேட்டரை ஓட்டி அது வீட்டு வயர் வழியாகத் திரும்பி லயனில் ஏற வேண்டும். ஊரில் ஜெனரேட்டர் இரண்டு. சர்ச்சில் உள்ளது போன கிறிஸ்துமஸுக்கே ஓடாமல் நின்றுவிட்டது. மற்றது உப்பளத்து ஆபீஸில் இருந்தது. அதன் கணக்கப்பிள்ளை தர்மக்கண் நல்ல மனுஷன், கோயில்பிச்சையை அண்ணாச்சி என்றும் அவளை மைனி என்றும் கூப்பிடுகிறவன். "நான் நாளைக்கு ஓட்டவே மாட்டேன் மைனி. ஓட்டுனாலும் லயனுக்குப் போவாது, சேஞ்ச் ஓவர் சுவிட்சு இருக்குலா" என்று சுவரைக் காட்டினான். சுவரில் சுவிட்ச் இருந்தது. அப்படியானால் எங்கிருந்துதான் வரும் என்று புரியாமல், கால் போன போக்கில் சொர்ணத்தின் கடையில் போய் நின்றாள்.

சொர்ணம் முழுக் கதையையும் கேட்டாள். தைத்து முடித்த பாவாடையை விரித்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். "அளவு வந்தே தீரும்னா வந்துட்டுப் போவட்டும். நம்மளால அளவை மாத்த முடியாது. ஆளை மாத்து" என்றாள்.

ராஜகனி இஸ்திரிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைப் பார்த்தாள். ஆயிரம் வாட் என்று இருந்தது. ஆயிரம் வாட் என்றால் நாலே காலுக்குக் கொஞ்சம் மேல், நாலு புள்ளி மூன்று ஐந்து ஆம்பியர். சென்சாருக்கு லயன் எது, இஸ்திரிப் பெட்டி வயர் எது என்று தெரியாது, தன் ஓட்டைக்குள் போவதை அளப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஒரே வயரை அந்த ஓட்டைக்குள் பத்து முறை சுற்றிச் சுற்றி நுழைத்தால், பத்து முறையும் சேர்த்து எண்ணிக்கொண்டு நாற்பத்து மூன்றரை என்று சொல்லும். முதல் நிமிஷத்து முப்பத்தொன்பது எப்படி வரும் என்பது மட்டும் பிடிபடவில்லை. சோதனைப் பிரிவில் பெரிய ஆம்பியருக்குக் கருவி கிடைக்காத நாளில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. சென்சார் லயனில் இல்லாமல் தன் மடியில் இருக்க வேண்டும், அந்த ஆறு நிமிஷம் தன் வழியாகப் போக வேண்டும். இது அறிவுக்குப் பொருந்துகிற காரியமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள், பொருந்தவில்லை. ஆனாலும் கையில் வேறு ஒன்றும் இல்லாதபோது இருக்கிறதைப் பிடித்துக்கொள்வதுதானே மனுஷ சுபாவம்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கோயில்பிச்சை பியூஸ் மூன்றையும் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, முதலில் ஒன்பதாம் போஸ்ட்டில் ஏறிச் சென்சாரைக் கழற்றிக் கயிற்றில் இறக்கினார். தப்பி வரும் கரண்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் குச்சியை ராஜகனி தானே மண்ணில் அடித்தாள். அந்த மணலும் காய்ந்த மண்ணும் குச்சியை எவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும், மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். "பதினொண்ணேகாலுக்கு எறங்கிடணும்" என்றாள். "எறங்காம அங்கேயே குடும்பமா நடத்தப்போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பதினோராம் போஸ்ட்டில் ஏறினார்.

லயன் செத்திருந்ததால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்டு வேண்டியிருந்தது. உப்பளத்து ஜெனரேட்டரை இரவல் கேட்டு ஆள் போயிற்று. தர்மக்கண் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல், டிராக்டரில் ஏற்றித் தானே கொண்டுவந்து சர்ச் வாசல் நிழலில் இறக்கினான். சொர்ணம் தன் மேஜையோடு வந்தாள். அவள்தான் இன்னொரு சிக்கலையும் சொன்னாள்: இஸ்திரிப் பெட்டி சூடேறினால் தானாக அணைந்துவிடும், ஆறு நிமிஷம் விடாமல் எரிய வேண்டுமென்றால் ஈரத் துணியாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது காதில் விழுந்ததும் ஊர் கலைந்து ஓடியது. திரும்பி வரும்போது பிழிந்தும் பிழியாததுமாக ஒவ்வொருவர் கையிலும் துணி இருந்தது. பள்ளிக்கூடச் சீருடை வந்தது, லுங்கி வந்தது, போதகரின் அங்கி சொட்டச் சொட்ட வந்தது, தாய்வீட்டில் இருந்து திரும்பிய அந்தப் பெண் தன் கூறைப்புடவையைக் கிணற்றில் முக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயில்பிச்சை லயனில் இருக்கிறார், ஈரத்துணி வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பதினொன்றேகால் ஆயிற்று. கோயில்பிச்சை இறங்கவில்லை. "போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு, சுமாரா ரெண்டு நிமிஷம்" என்று மேலே இருந்து குரல் வந்தது. வேதமுத்து போஸ்ட்டின் கீழே நின்று அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கெஞ்சினான். பாதி கழன்ற ஆர்மைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறவரால் விட்டுவிட்டு வரவும் முடியாது. ராஜகனி அந்தப் பக்கம் திரும்பாமல் வயரைச் சென்சாருக்குள் சுற்றினாள். எண்ணிப் பார்த்தாள், பத்து இருந்தது.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் இழுப்பில் ஓடியது. பதினொன்று இருபதுக்கு ராஜகனி சுவிட்சைப் போட்டாள், சொர்ணம் முதல் லுங்கியை மேஜையில் போட்டு அழுத்தினாள், ஆவி எழும்பியது. ராஜகனி பத்துச் சுற்றையும் சேர்த்து டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.

சுற்றை விலக்கிப் பார்த்தாள். வெளியே கிடக்கும் இழைகளை எண்ணியிருந்தாள். வருகிற முனையும் போகிற முனையும் சேர்ந்து வெளியே எப்போதும் ஒன்று கூடத்தான் காட்டும், ஓட்டைக்குள் நுழைந்த வயரைத்தான் எண்ண வேண்டும். உள்ளே ஒன்பதுதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எல்லோரும் செய்து திட்டு வாங்குகிற தப்பு, பதினாலு வருஷத்தில் அவள் செய்யாத தப்பு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு நிமிஷம் முப்பத்தொன்பது, ஒரு நொடி அறுந்து, பிறகு நாற்பத்து மூன்றரை. நேற்று மத்தியானம் உட்காரவைத்த அந்தக் கோட்டில் அவள் புருஷனுடைய சாவு எழுதியிருக்கவில்லை, அவளுடைய தப்புத்தான் எழுதியிருந்தது. சென்சாரின் வாயை ஒரு நொடி திறந்து இன்னொரு சுற்றை வைத்து மூடினாள். நாற்பத்து மூன்று புள்ளி ஐந்து.

"தேயி சொர்ணம். நிறுத்தாத" என்றாள்.

சொர்ணம் தேய்த்தாள். சட்டை போயிற்று, சீருடை போயிற்று, அங்கி போயிற்று, கூறைப்புடவையைப் பெண்கள் எட்டுப் பேர் பிடித்து இழுத்துக்கொடுக்க அதன் பன்னிரண்டு முழமும் ஆவியாகப் போயிற்று. சர்ச் வாசல் முழுக்கப் தேய்த்த துணி வாசனையும் டீசல் வாசனையும் கலந்து நின்றது. பதினொன்று இருபத்தாறுக்கு ராஜகனி சுவிட்சை அணைத்தாள். அதே நேரம் பதினோராம் போஸ்ட்டில் பழைய ஆர்ம் கயிற்றில் தொங்கி மெல்லக் கீழே வந்து மணலில் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே கோயில்பிச்சையும் இறங்கி, எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல், பீடிக்கு நெருப்பு கேட்டார்.

கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. தர்மக்கண் மட்டும் ராஜகனிக்கு முன்னால் வந்து நின்றான். கையில் ஒரு வயர் சுருள் வைத்திருந்தான். அதை அவளிடம் நீட்டினான். இரண்டு முனையிலும் பின் வைத்த வயர் அது. ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர் பிளக்கிலும் செருகினால் கட்டடம் முழுக்க விளக்கு எரியும், அங்கிருந்து லயனுக்கும் ஏறும்.

"நேத்து உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன் மைனி" என்றான். "அந்தச் சுவிட்சு உள்ளாற உருகி ஆறு மாசமாச்சு. கரண்டு போனா இதை வச்சுத்தான் ஓட்டுவேன். இன்னைக்கும் ஓட்டித்தான் இருப்பேன், அளத்துல வேலை செய்யுத பொம்பளையளுக்குக் குடிதண்ணி ஏத்தணும்லா. அண்ணாச்சி எறங்கிருப்பாவன்னு நெனச்சு பதினொண்ணு இருவது போலப் போட்டிருப்பேன். ஜெனரேட்டரு இங்கன வந்துட்டதால தப்பிச்சேன்." அவன் அழுதான். ஆண்பிள்ளையாக இருந்து பத்துப் பேர் முன்னால் அழுவதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

ராஜகனிக்கு அவனைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. திட்டாமல், சொர்ணத்தின் கத்தரிக்கோலை எடுத்து அந்த வயரின் ஒரு தலையை வெட்டினாள். இரண்டாவது தலையையும் வெட்டினாள். துணி வெட்டுகிற கத்தரியால் வயரை வெட்டினால் முனை மழுங்கும் என்று வாயெடுத்த சொர்ணம், இன்னொரு வெட்டு வெட்டிக்கோ என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணிக்குள் பதினோராம் போஸ்ட்டில் புது ஆர்மையும் உப்பளத்து ஆபீஸில் புதுச் சுவிட்சையும் கோயில்பிச்சையே மாட்டிக்கொடுத்தார், சென்சாரையும் ஒன்பதாம் போஸ்ட்டில் திரும்ப ஏற்றினார்.

அன்று காலையில் ராஜகனி செய்யாமல் விட்ட காரியம் ஒன்று இருந்தது. அத்தனை நாளும் விடிந்ததும் போனில் மறுநாள் விடியலைப் பார்க்கிறவள், அன்றைக்குப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிற ஆண்பிள்ளை கோயில்பிச்சை ஒருத்தர்தான் உண்டு. காலை ஐந்து நாற்பதுக்கு அவர் வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டால், ஊர் அடங்கிக் கிடக்கிற நேரத்தில் கோடு தனியாக ஆறரை ஆம்பியர் எழும்பும். நாளைக்கு அது எழும்புமா எழும்பாதா என்பது இன்று காலையிலேயே பெட்டிக்குத் தெரிந்திருக்கும். எழும்பாமல் இருந்தால் அதற்குப் பிறகு தன் கையால் ஒரு வயரைக்கூடச் சுற்ற முடியாது என்று பயந்து, போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

சாயங்காலம் அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி எடுக்கப் போனவள், பானையில் இருந்து போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுத் திறந்தாள். நாளைக் காலை, ஐந்து நாற்பத்து மூன்றுக்கு, ஆறரை ஆம்பியர், பதினொரு நிமிஷம். அது காலையில் இருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. ராஜகனி அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தியை வைத்துக்கொண்டு அழுதாள், நாள் முழுக்க அழாததையும் சேர்த்து அழுதாள்.

"என்னட்டி, உலை கொதிச்சு வழியுதே" என்று வாசலில் இருந்து அவர் கேட்டார்.

"ஒரு வாளித் தண்ணிக்கு ஒம்பது நிமிஷம் போதும்" என்று சொல்ல வாயெடுத்தவள், பதினொன்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, எழுந்து உலையில் அரிசியைப் போட்டாள்.